வரிசையில் நாலாவது வண்டி

விடிந்த சற்று நேரத்தில் ஐஸ் ஃபேக்டரி வாசலில் பதினொரு குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கும். நாலாவது வண்டி ஐஸக்காவுடையது. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் ஐஸக்காதான். ஐம்பது ஆக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. கொக்கி போட்டுக் கட்டிகளை இழுத்து இழுத்து வலது தோள் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. உள்ளங்கையில் சூடு உறைக்காது. டீக்கடையில் மற்றவர்கள் கண்ணாடி டம்ளரை விளிம்பில் பிடித்து ஊதிக்கொண்டிருக்கும்போது அவள் முழுக் கையால் பற்றிக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவியும் வைத்திருப்பாள்.

ஃபேக்டரியிலிருந்து படகுத்துறைக்கு ஐஸ் கொண்டுபோவது வேலை. ஒன்றரை கிலோமீட்டர். கடைசி இருநூறு அடி ஈர மணல். லாரி வந்து பார்த்தது, புதைந்தது. மூன்று சக்கர வண்டிகள் வந்தன. உப்புத் தண்ணீர் இரண்டு வருஷத்தில் அவற்றின் அடிப்பக்கத்தைத் தின்று தீர்த்தது.

“குதிரை துருப்பிடிக்காது” என்பாள் ஐஸக்கா. இந்தக் காலத்தில் குதிரை வண்டியா என்று கேட்பவர்களுக்கு அவள் வைத்திருந்த பதில் அவ்வளவுதான்.

வரிசைக்கு ஒழுங்கு உண்டு. முன்னால் நிற்பவருக்கு முழுக் கட்டி, முதல் படகு. பின்னால் நிற்பவருக்கு மூலை உடைந்த கட்டி, மிச்சப் படகு. யாராவது வேலையை விட்டாலோ செத்தாலோ பின்னால் இருப்பவர்கள் ஓர் இடம் முன்னேறுவார்கள். ஒரு மாதம் வண்டி வராவிட்டால் இடம் போய்விடும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் பதினோராவதாக வந்து நின்றாள். “பொம்பளை வண்டி, பத்து நாள் தாங்காது” என்றார் அப்போது பத்தாவதாக நின்றவர். எட்டு வருஷம் கழித்து அவர் இடுப்பு பிடித்துப்போய் வீட்டோடு உட்கார்ந்தார். அவர் இருந்த இடத்துக்கு அவள் வந்தாள். நாலாவதுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது.

இன்னொரு விதியும் உண்டு. காயடிக்காத ஆண்குதிரையை வண்டியில் பூட்டி வரிசையில் நிறுத்தக் கூடாது. விதிக்கான காரணத்தை ஐஸ் ஏற்றிவிடுகிறவரின் இடது காலில் பார்க்கலாம். இரண்டு விரல்கள் கிடையாது. ஒரு தடவை பொலிக்குதிரை ஒன்று முன்னால் நின்ற பெட்டையின் மேல் ஏறப்போய், வண்டி சாய்ந்து, கட்டி அவர் காலில் இறங்கியது.

“ஆசை அதுக்கு, விரல் எனக்கு” என்பார் அவர்.

அவரைப் போதுமண்ணன் என்று கூப்பிடுவார்கள். சறுக்குப் பலகை வழியாகக் கட்டிகள் இறங்கும். ஆறு கட்டி ஏறியதும் பின்பலகையை உள்ளங்கையால் தட்டி, “போதும்” என்பார். குதிரை தானாக நடக்கும். பின்னால் நிற்கும் குதிரை ஒரு வண்டி நீளம் முன்னால் வந்து நிற்கும். அதன் பின்னால் இருப்பது அதேபோல. வண்டிக்காரர்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. மற்ற எல்லோருக்கும் போதும் என்றால் நிறுத்து என்று அர்த்தம். அந்தப் பதினொரு குதிரைகளுக்கு நட என்று அர்த்தம். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வருஷக்கணக்கில் கேட்டு அப்படி ஆகிவிட்டது.

ஐஸக்காவின் குதிரை பெட்டை. பெயர் சாம்பல். குட்டைக் கால், அகன்ற நெஞ்சு. பத்தொன்பது வயது. இடது கண்ணில் பால் படர ஆரம்பித்துவிட்டது. குளிர் நாட்களில் இருமுகிறது. இந்த ஒரு பருவம் ஓட்டலாம் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தாள்.

சாம்பலுக்குப் பதினாறு வயதில் ஒரே ஒரு குட்டி பிறந்தது. ஐஸக்காவின் தம்பி மேட்டுப் பகுதியில் இருக்கும் குதிரைச் சவாரிப் பள்ளியில் வேலை செய்தான். பதினாலு வருஷமாக லாயம் கழுவுகிறான். அங்கே பந்தயத்தில் ஓடி ஓய்ந்துபோன உயரமான ஆண்குதிரை ஒன்று இருந்தது. பள்ளி நடத்தும் மேடத்திடம் கேட்டுவிட்டு அவன்தான் சாம்பலை ஒரு மத்தியானம் அங்கே ஓட்டிக்கொண்டு போனான். பதினோரு மாதம் கழித்து ஆண்குட்டி. டீயில் பால் குறைந்துபோனால் வரும் நிறம். தாயின் நெஞ்சு, தகப்பனின் கால்.

“மேல் மாடி பங்களா, கீழ் மாடி குடிசை” என்றார் போதுமண்ணன்.

“தலைகீழாச் சொல்றீங்கண்ணே. கால்தான் பங்களா.”

“ஏதோ ஒண்ணு. வீடு நல்லா இருந்தாச் சரி.”

பத்தாம் நாளிலிருந்து அவள் குட்டியைத் தாயின் பக்கத்தில் கட்டி வரிசைக்கு அழைத்து வந்தாள். வீட்டில் விட்டால் தாய் நகரமாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் செய்தது. குட்டி ஐஸ் அரைக்கும் இயந்திரத்தின் சத்தத்தையும், மீன் கூடைகள் விழுவதையும், நாய்களையும், தலைக்கு மேலே கத்திக்கொண்டு திரியும் பறவைகளையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தது. முதல் மாதம் எல்லாவற்றுக்கும் துள்ளியது. மூன்றாவது மாதம் எதற்கும் துள்ளவில்லை. இப்போது அதற்கு மூன்று வயது ஆகப்போகிறது. அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. குட்டி என்றுதான் கூப்பிட்டாள். தாயைவிட ஒரு சாண் உயரம் அந்தக் குட்டி.

விஷயம் அங்கேதான் ஆரம்பித்தது.

மேடம் ஒரு நாள் தம்பியோடு படகுத்துறைக்கு வந்தாள். குட்டி வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. யாரோ தூக்கிப்போட்ட காலிக் கூடை அதன் பின்னங்காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. குட்டி ஒரு காதை மட்டும் திருப்பியது. மேடம் அதைப் பார்த்தாள்.

“இந்த நிதானம் எனக்கு வேணும்” என்றாள். “என் குதிரைங்க எல்லாம் குடை விரிச்சா ஓடுதுங்க. சின்னப் பிள்ளைங்களை ஏத்த பயமா இருக்கு. இதைப் பொலிக்கு எடுத்துக்கிறேன். மூணு வருஷம் என் லாயத்துல இருக்கட்டும். பிறக்கிறதுல ஒண்ணு உங்களுக்கு.”

“யோசிச்சுச் சொல்றேங்க” என்றாள் ஐஸக்கா.

தம்பி அன்றைக்கு மாலையே அவள் வீட்டுக்கு வந்தான். ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பு, பாத்திர அலமாரி, மடித்த பாய். மறுபக்கச் சுவரில் ஒரு சின்ன சன்னல். அதைத் திறந்தால் லாயம். சாம்பல் பல நேரம் சன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கும். கொடியில் ஈரச் சாக்குகள் காய்ந்தன. ஐஸ் மேல் போர்த்தும் சாக்குகள். அறை முழுவதும் மரத்தூளும் சணலும் கலந்த வாசனை.

“மேடம் என்னைப் பொறுப்பா போடுறேன்னு சொல்லியிருக்காங்க” என்றான் தம்பி. “குட்டி, இனவிருத்தி எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. சாணி அள்ள வேற ஆள் வெப்பாங்க.”

“நல்லதுதானே.”

“நல்லதுன்னா சரின்னு சொல்லேன்.”

“நான் எதை வெச்சு வண்டி ஓட்டறது?”

“சாம்பல் இருக்குல்ல?”

“இந்தப் பருவம் வரைக்கும்.”

“அதுக்கப்புறம் லாயத்துலேருந்து ஒரு குதிரை...”

“உங்க லாயத்துக் குதிரை ஈர மணல்ல கால் வெக்குமா?”

தம்பி சிரித்துவிட்டான். “ஓடைத் தண்ணியைப் பார்த்தே மூணு நாள் சாப்பிடாம இருந்த ஜென்மங்க அதெல்லாம்.”

“அப்புறம் என்னடா.”

சாம்பல் சன்னலில் மூச்சுவிட்டது. தம்பி அதன் நெற்றியைத் தடவினான். முடி நெற்றியில் சுழித்துக்கொண்டு இடது பக்கம் விழும். குட்டிக்கும் அதே சுழி.

“இதுக்கு வேற குட்டி கிடையாதுக்கா. காயடிச்சிட்டா இதோட முடிஞ்சுது. அதையும் யோசி.”

அவள் அதை மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தாள். அவனிடம் சொல்லவில்லை. இந்தச் சுழி விழுந்த இன்னொரு நெற்றியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. இரண்டாவது குளிர்காலத்திலேயே காயடித்திருக்கலாம். ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டது அவள்தான்.

மறுவாரம் கால்நடை டாக்டர் வந்தாள். முப்பது வயதுப் பெண். எங்கே போனாலும் ரப்பர் செருப்பு. குட்டியின் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“விதை ரெண்டும் சரியா இறங்கியிருக்கு. குறை சொல்ல ஒண்ணுமில்ல. பல், கால், குளம்பு எல்லாம் நல்லா இருக்கு. பொலிக்கு விடணும்னா தாராளமா விடலாம்.”

“ஒரு வருஷம் பொலிக்கு விட்டுட்டு அப்புறம் காயடிச்சா?” தம்பி கேட்டான். இதைக் கேட்பதற்காகவே அவன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

“செய்யலாம். விதை போயிடும். பழக்கம் போகும்னு நான் எழுதித் தரமாட்டேன். ஒரு தடவை ருசி கண்ட குதிரை, பெட்டை வாசனை வந்தா மேலே ஏறப்போகலாம். உங்க வரிசையில எத்தனை பெட்டை?”

“ஆறு” என்றாள் ஐஸக்கா.

“அப்ப நீங்கதான் முடிவு பண்ணணும். ரெண்டும் வேணும்னா நடக்காது. இன்னும் அஞ்சு வாரத்துல வெயில் வந்துடும், ஈ வந்துடும். புண்ணுல புழு வெச்சா கஷ்டம். அதுக்குள்ள சொல்லுங்க.”

தம்பி விடவில்லை. முடிவு எடுக்கும் முன் மேடம் குட்டியை ஒரு தடவை பள்ளி வளையத்தில் நடத்திப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றான். “பார்க்கிறதுக்கு என்ன” என்றாள் ஐஸக்கா. அவளுக்கும் பார்க்க ஆசையாக இருந்தது.

சவாரிப் பள்ளி சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு குதிரைக்கும் தனி அறை, அறைக் கதவில் பித்தளைக் கொண்டி. நடுவில் வெள்ளை வேலி போட்ட வட்டம். தரையில் சலித்த மணல். ஐஸக்கா அந்த மணலைக் குனிந்து எடுத்துப் பார்த்தாள். காய்ந்த மணல். விரலிடுக்கில் வழிந்து ஓடியது.

பயிற்சியாளர் நடுவயதுக்காரர், தொப்பி போட்டவர். தம்பிக்கு மேலதிகாரி. நீளக் கயிற்றில் குட்டியைப் பிடித்துக்கொண்டு வட்டத்தின் நடுவில் நின்றார். குட்டி நடந்தது. ஓடச் சொன்னதும் ஓடியது. காலை நீட்டி, கழுத்தைத் தூக்கி ஓடியபோது அது அவள் குதிரை மாதிரியே இல்லை. மேடம் வேலியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். தம்பி அக்காவைப் பார்த்தான்.

சோதனைக்கு ஒருவன் குடையை விரித்தான். இன்னொருவன் தகர வாளியை உருட்டினான். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பிரமாதம்” என்றாள் மேடம்.

பயிற்சியாளர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிட்டே போனார். குட்டி நின்றது. அவர் அதன் கழுத்தைத் தட்டினார். “போதும்” என்றார்.

குட்டி நடந்தது.

அவர் கயிற்றை இழுத்தார். “போதும், போதும்.”

குட்டி இன்னும் வேகமாக நடந்தது. அவர் தொப்பி விழுந்தது. குதிகாலை மணலில் ஊன்றி, “போதும்ங்கிறேன்ல” என்று கத்தினார். அது அவரை இழுத்துக்கொண்டு வேலி வரைக்கும் வந்தது. மேடம் இரண்டடி பின்னால் போனாள். வேலி இடித்ததும் குட்டி நின்றது. அடுத்து என்ன என்று கேட்கிற மாதிரி காதை முன்னால் வைத்துக்கொண்டு நின்றது.

ஐஸக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அடங்காத சாதி” என்றார் பயிற்சியாளர், தொப்பியைத் தட்டிக்கொண்டே. “வெளியில சாது, உள்ளுக்குள்ள பொலிக்கு உண்டான திமிர் வந்தாச்சு. இதை நம்பிப் பெட்டைகிட்ட விட முடியாது மேடம். வெட்டிவிடறதுதான் நல்லது.”

தம்பிக்குப் பொறுக்கவில்லை. பதினாலு வருஷத்தில் அந்த ஆளை அவன் எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

“இல்ல சார். அது அடங்காம நடக்கல. சொன்னதைக் கேட்டுத்தான் நடந்துச்சு. ஐஸ் வரிசையில போதும்னா நடன்னு அர்த்தம். நீங்க போதும் போதும்னு சொல்லச் சொல்ல அது போய்க்கிட்டே இருக்கும்.”

“அதென்ன கூத்து?” என்றாள் மேடம்.

“பழக்கம் மேடம். பத்து நாள் குட்டியிலேருந்து தினமும் அங்க நின்னு பழகினது. குடைக்குப் பயப்படாததும் அப்படித்தான். எல்லாம் வரிசையில கத்துக்கிட்டது. முதல் மாசம் வந்து பார்த்திருக்கணும் நீங்க, ஈ பறந்தாக்கூடத் துள்ளும். பிறவியில ஒண்ணும்...”

தான் சொல்வது என்னவென்று அங்கே அவனுக்கே கேட்டுவிட்டது. வாயை மூடினான்.

மேடம் அவனைப் பார்த்தாள், பிறகு குட்டியைப் பார்த்தாள். “எப்படியும் உடம்பு நல்ல உடம்பு” என்றாள் மெதுவாக. “நான் இன்னும் வேண்டாம்னு சொல்லல. நீங்க சொல்லுங்கம்மா.”

திரும்பும் வழி இறக்கம். ஐஸக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தம்பி கீழ் ரோடு வரைக்கும் கூட வந்தான்.

“இப்பவும் சரின்னு சொன்னா அவங்க எடுத்துப்பாங்க” என்றான்.

“தெரியும்.”

“உனக்கு அந்த நாலாவது இடம்தான் பெருசு.”

“ஆமா.”

“உன் வழியிலதான் யாரும் இல்ல. அந்தக் கிழட்டுக் குதிரைக்காவது ஒரு வழி விடேன்.”

அவள் நின்றாள். குட்டியும் நின்றது. ரோட்டோரத்துக் குழாயில் ஒரு பெண் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் குடத்தை நிரப்பித் தூக்கிக்கொண்டு போகும் வரைக்கும் ஐஸக்கா காத்திருந்தாள்.

“இதைச் சொல்லணும்னு எவ்வளவு நாளா வெச்சிருந்த?”

“அக்கா, நான் அந்த அர்த்தத்துல...”

“அந்த அர்த்தத்துலதான் சொன்ன. பரவாயில்ல. வெளிய வந்துடுச்சு. இப்ப நான் சொல்றதைக் கேளு. மேடத்துக்கு வேணுங்கிறது நிதானம். அது இதுகூடப் பொறக்கலைன்னு நீயே உன் வாயால சொல்லிட்ட. இதுக்குக் குட்டி பொறந்தா காலு வரும், நெஞ்சு வரும். வரிசை வராது. ரெண்டு வருஷம் கழிச்சு நாலு குட்டியும் குடை விரிச்சா ஓடும். ஒரு பிள்ளை கீழே விழும். அப்ப அவங்க யாரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க? பொறுப்பா இருக்கிறவனை.”

தம்பி ஒரு கல்லைக் காலால் தள்ளினான்.

“இது உனக்காகச் சொன்னது” என்றாள். “எனக்காகச் சொல்றது வேற.”

“என்ன?”

“எனக்கு வண்டி வேணும். இருபத்திரண்டு வருஷமா அதுதான் என் வழி. உன் கண்ணுக்கு அது வழியாத் தெரியல.”

அவன் கீழ் ரோட்டில் திரும்பிக்கொண்டான்.

அவள் வீட்டுக்கு வந்து குட்டியைக் கட்டினாள். தண்ணீர் வைத்தாள். சாம்பலின் நெற்றி முடியை ஒதுக்கி, சுழியைக் கட்டைவிரலால் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்தாள்.

“வியாழக்கிழமை வர முடியுமா?”

“எதுக்கு? முடிவு பண்ணிட்டீங்களா?”

“காயடிக்க.”

“நல்லா யோசிச்சீங்களா? திரும்ப ஒட்ட முடியாது.”

“வியாழக்கிழமை வாங்க” என்றாள் ஐஸக்கா.

வியாழக்கிழமை அவள் வண்டியை வேலை முடித்துச் சீக்கிரம் திருப்பினாள். முற்றத்தைக் கூட்டி, கழுவிக் காயவைத்த சாக்குகளை இரண்டடுக்காக விரித்தாள். போதுமண்ணன் கயிறு பிடிக்க வருகிறேன் என்றிருந்தார். அவருக்கு முன்னால் தம்பி வந்து நின்றான். சட்டைக் கையைச் சுருட்டியிருந்தான். அவன் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்க முடியாது. அவள் கயிற்றை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

டாக்டர் கழுத்தில் ஊசி போட்டாள். குட்டியின் தலை மெல்லத் தொங்கியது. முன்னங்கால் மடிந்தது. நால்வரும் சேர்ந்து அதைச் சாக்கின் மேல் சாய்த்தார்கள். ஐஸக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துண்டால் மூடினாள். தம்பி மேல்பக்கத்துப் பின்னங்காலில் கயிறு போட்டு முன்னால் இழுத்துப் பிடித்தான். நன்றாகப் பிடித்தான். ஒரு தடவைகூடத் தளரவில்லை. மரத்துப்போக இன்னோர் ஊசி. கழுவினார்கள். டாக்டரின் கை வேகமாக வேலை செய்தது. போதுமண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“விரலைக் குடுத்த மனுஷன், இதைப் பார்க்க முடியலையா?” என்றாள் ஐஸக்கா.

“அது என் விரல்மா. இது வேற விஷயம்.”

இருபது நிமிஷம் ஆனது. டாக்டர் எனாமல் கிண்ணத்தை மூடப் போனாள்.

“பார்க்கணுமா?”

“காட்டுங்க.”

பார்த்தாள். “இவ்வளவுதானா” என்றாள்.

“இவ்வளவுதான். ஒரு மாசத்துக்குப் பெட்டை பக்கத்துல கட்டாதீங்க, தாயா இருந்தாலும். இன்னும் விந்து மிச்சம் இருக்கலாம். நாளையிலேருந்து காலையும் மாலையும் நடக்க வைங்க. படுத்தே கிடந்தா வீங்கும்.”

குட்டி எழுந்து நின்றதும் தம்பி கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினான். அவள் டீ போட உள்ளே போய்த் திரும்பியபோது அவன் இல்லை.

வீக்கம் மூன்றாம் நாள் அதிகமானது. அவள் காலையும் மாலையும் நடத்தினாள், குளிர்ந்த நீரை ஊற்றினாள். குளிர்ந்த நீருக்கு அவளிடம் பஞ்சமில்லை. பத்தாம் நாள் வற்றியது. அந்த மாதம் முழுக்கச் சாம்பலை வலை காயப்போடும் முற்றத்தில் கட்டினாள். சன்னல் காலியாக இருந்தது. ஐந்தாவதாக நிற்கும் வண்டிக்காரர், “சாம்பல் ரொம்ப இருமுதே, எத்தனை நாள் ஓடும்?” என்று தினமும் அக்கறையாக விசாரித்தார்.

“உங்களுக்கு நாலாவது இடம் வேணும்னா நேராக் கேளுங்க அண்ணே. இல்லைன்னு நேராச் சொல்றேன்.”

வண்டி பூட்டும் பழக்கத்தை ஒரு மாதம் தெருவில் காலி வண்டியில் கொடுத்தாள். ஏழாவது வாரம் குட்டியைப் பூட்டிக்கொண்டு ஃபேக்டரி வாசலுக்கு வந்தாள். காவலாளி, காயடித்ததற்கு டாக்டர் சீட்டு கேட்டார். பார்த்தார். போகச் சொன்னார். முன்னால் மூன்றாவதாக நின்றது பெட்டை. குட்டி ஒரு தடவை மோந்தது. மேலுதட்டைச் சுருட்டியது. ஐஸக்கா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அது உதட்டை இறக்கிக்கொண்டு தன் இடத்தில் நின்றது. ஆறு கட்டிகள் ஏறின.

வரிசையில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது மணலில்தான்.

ஈர மணலின் விளிம்பில் குட்டி நின்றுவிட்டது. இத்தனை வருஷம் தாயின் பக்கத்தில் வெறுமனே நடந்த மணல். இப்போது முதுகுக்குப் பின்னால் சுமை இருந்தது. சக்கரம் நாலு விரல் இறங்கியது. அது முன்னங்காலை எடுத்து வைத்துப் பார்த்து மறுபடி பின்னால் இழுத்துக்கொண்டது. ஐந்தாவது வண்டி அவர்களைத் தாண்டிப் போனது. ஆறாவது போனது. அவள் சாட்டையை எடுக்கவில்லை. அவளிடம் சாட்டை கிடையாது.

இறங்கி இரண்டு கட்டிகளைக் கொக்கி போட்டு இழுத்துச் சாக்கின் மேல் இறக்கினாள். நாலு கட்டியோடு முன்னால் நின்று கூப்பிட்டாள். வரவில்லை. இன்னும் இரண்டை இறக்கினாள். தோள் விட்டுப்போகும் போல இருந்தது. இரண்டு கட்டியோடு குட்டி வந்தது. படகில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய் இன்னும் இரண்டு. மறுபடி இரண்டு. மூன்றாவது தடவை போனபோது கட்டிகளின் மூலை கரைந்து உருண்டையாகியிருந்தது.

“ஐஸக்கா, இது ஐஸா, சோடாவா?” என்றார் படகுக்காரர்.

“குடிச்சுப் பாரு.”

“அந்த நொண்டிச் சாம்பலையே ஓட்டியிருக்கலாம்ல?”

“அது நொண்டி இல்ல. வயசு. நாளைக்கு இந்த நேரத்துக்கு மூணு கட்டியா வரும், பேசாம இரு.”

மறுநாள் மூன்று கட்டியாக வந்தது. அதற்கு மறுநாள் நாலும் இரண்டுமாக வந்தது. நாலாவது நாள் மணலின் விளிம்பில் அவள் எதையும் இறக்கவில்லை. முழங்கால் அளவு தண்ணீர் வந்து போகும் இடத்தில் குட்டியின் முன்னால் நின்றுகொண்டு, கயிற்றை இழுக்காமல், தளர்த்தியும் விடாமல் பிடித்திருந்தாள். அலை இரண்டு தடவை வந்து போனது. குட்டி தலையைத் தாழ்த்தியது. நெஞ்சைக் கொடுத்தது. சக்கரம் முனகிக்கொண்டு மேலே ஏறியது. தாயின் நெஞ்சுதான் அது. ஆனால் அந்தக் கால் ஒவ்வோர் அடியும் தாயைவிட அரை மடங்கு கூடுதலாக எடுத்து வைத்தது. அவள் பக்கத்தில் ஓட வேண்டியிருந்தது.

படகருகே தம்பி நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. ஒரு கொக்கியை எடுத்துக்கொண்டு கட்டிகளை இறக்கினான். ஆறு கட்டிக்கும் மூலை கூர்மையாக இருந்தது.

“மேடம் வேற குதிரை பார்க்கிறாங்க” என்றான், கடைசிக் கட்டி போன பிறகு.

“உன் பொறுப்பு?”

“பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. இப்ப சாணிதான்.”

அவள் தலையாட்டினாள். புடவை முழங்கால் வரைக்கும் நனைந்து ஒட்டியிருந்தது. பிழிந்துவிட்டாள். குட்டி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. விலாவில் வியர்வை வழிந்தது. தம்பி அதன் நெற்றி முடியை ஒதுக்கப் போய், பாதியில் கையை எடுத்துக்கொண்டான்.

“வருத்தமா இருக்காக்கா?”

“இருக்கு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. நாளைக்குத் தண்ணி சீக்கிரம் ஏறும். அரை மணி முன்னாடியே பூட்டணும்” என்றாள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இரண்டாவது நடைக்கு வண்டியைத் திருப்பினாள்.